இடுப்பா, பையா, சேம்பரில் தோட்டாவா? மறைத்து அணியும் கைத்துப்பாக்கிக்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

டெக்சாஸில் இருக்கும் நம்மவர்களில் சிலர் கிரீன் கார்டு கைக்கு வந்ததும் ஒரு கைத்துப்பாக்கி வாங்குகிறார்கள். பெட்ரோல் பங்க் கடை நடத்துபவர்கள், இரவுப் பணி முடிந்து ஆளில்லாத பார்க்கிங்கில் தனியாக நடந்து வரும் நர்ஸுகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. வாங்கிய புதிதில் சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சுக்குப் போய் நன்றாகவே சுடுகிறார்கள். அப்புறம் அது லாக்கரிலேயே கிடக்கிறது. ஏன் என்று கேட்டால், "இடுப்பில் இருக்கும்போது தானாக வெடித்துவிட்டால் என்ன செய்வது?" என்கிறார்கள்.

இந்தப் பயம் நியாயமானது. "போகப் போகப் பழகிவிடும்" என்று அதைத் தட்டிவிடுபவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பயத்தோடு அணிபவர் நொடிக்கொரு தரம் சட்டையைத் தொட்டுப் பார்ப்பார், இடம் மாற்றுவார், தேவையில்லாமல் வெளியே எடுத்து உள்ளே வைப்பார். விபத்துகள் பெரும்பாலும் அந்தக் கையாளலில்தான் நடக்கின்றன. பயம் போக வேண்டுமானால் நான்கு விஷயங்களை முடிவு செய்ய வேண்டும்: உரிமம் எடுப்பதா, உடம்பில் எங்கே வைப்பது, எந்த வகைத் துப்பாக்கி, சேம்பரில், அதாவது சுடத் தயாரான தோட்டா நிற்கும் குழலின் பின்முனை அறையில், தோட்டா இருக்க வேண்டுமா. இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றை மட்டும் தனியாக எடுத்து யாரிடமாவது யோசனை கேட்டால் தவறான பதில்தான் கிடைக்கும்.

முதலில் சட்டம்

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே அமெரிக்க மத்திய சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் குடியேற்ற நிலையே பறிபோகக்கூடிய விஷயம் இது. வக்கீலைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள பெரியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இப்படி உரிமம் கேட்காத மாநிலங்கள் இப்போது 29. அப்படியென்றால் உரிமம் எதற்கு? எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூட எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் கையில் இருந்தால் அதிலிருந்து விலக்கு கிடைக்கும். ஊருக்குள் காரோட்டும்போது எத்தனை பள்ளிகளைத் தாண்டுகிறோம் என்று யோசித்தால் இதன் அருமை புரியும். டெக்சாஸில் கட்டணம் 40 டாலர், வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரம். அதன்பின் 3, 7, 15 கெஜ தூரங்களில் மொத்தம் 50 குண்டுகள் சுட்டு, 250க்கு 175 புள்ளி எடுக்க வேண்டும். கடினமான தேர்வு இல்லை. ஆனால் துப்பாக்கிக்குத் தடை சொல்லி வாசலில் வைக்கும் பலகைகளில் எது யாரைத் தடுக்கிறது, வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவால் வரும் பார்களின் வாசலில் இருக்கும் 51 சதவீதப் பலகைக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் அந்த வகுப்பில்தான் ஒழுங்காகத் தெரிந்துகொள்ள முடியும். கோயிலுக்குப் போவதாக இருந்தாலும் வாசலில் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஒரு குறை உண்டு. அந்தத் தேர்வில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவோ திரும்ப வைக்கவோ சொல்ல மாட்டார்கள். மறைத்து அணிபவருக்கு ஆபத்து அதிகமுள்ள இடமே அதுதான். பல ரேஞ்சுகளில் உறையிலிருந்து எடுத்துச் சுட அனுமதியும் கிடையாது. ஆகவே உறையோடு பழகுவதற்கென்றே நடத்தப்படும் ஒருநாள் வகுப்பு ஒன்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். துப்பாக்கிக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் குறைத்தாவது இதைச் செய்ய வேண்டும்.

உடம்பில் எங்கே?

பையிலிருந்து தொடங்குகிறேன். பெல்ட் கட்ட முடியாத உடைகளில் பெண்கள் முதலில் யோசிப்பது கைப்பையைத்தான். அதற்கென்றே தனி ஜிப் அறை வைத்த பைகள் கடையில் கிடைக்கின்றன. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில் ஒரு வால்மார்ட் கடையில், 29 வயதுத் தாய் ஒருவர் அப்படிப்பட்ட பையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்தார். அவருடைய இரண்டு வயது மகன் ஜிப்பைத் திறந்து துப்பாக்கியை எடுத்துவிட்டான். தாய் அங்கேயே இறந்தார். அவர் துப்பாக்கிக்குப் புதியவர் அல்ல, உரிமம் வைத்திருந்தவர். பையும் இதற்காகவே தைக்கப்பட்டதுதான். உடம்பைவிட்டு விலகிய துப்பாக்கி நம் கட்டுப்பாட்டில் இல்லை. குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வழியை நான் ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே துப்பாக்கி இருப்பதே மறந்துபோகும். 2024இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்களில் பலர் சொல்வது, பையில் இருந்ததே நினைவில்லை என்பதுதான். அபராதம் பல ஆயிரம் டாலர் வரை போகும், கைதும் ஆகலாம். இடுப்பில் இருப்பதை அவ்வளவு சுலபமாக யாரும் மறப்பதில்லை.

அடுத்தது பேண்ட் பாக்கெட். ரூகர் எல்சிபி போன்ற குட்டி பிஸ்டலோ, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வரோ இதற்குச் சரியாக இருக்கும். எடை குறைவு, யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் பாக்கெட்டுக்கென்று செய்த உறை கட்டாயம் வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறெதுவும் இருக்கக் கூடாது, ஒரு சாவிகூட. நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை வெளியே எடுக்க முயன்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சின்னத் துப்பாக்கி உதைப்பதும் அதிகம் என்பதால் புதியவர்கள் ரேஞ்சில் அதை வைத்துப் பயிற்சி செய்யவே தயங்குவார்கள். பயிற்சி குறைந்தால் பயம் கூடும். பழகியவர்களுக்கு இது நல்ல இரண்டாவது வழி.

மீதி இரண்டும் இடுப்புதான்: வலது இடுப்பின் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி வைப்பது, அல்லது முன்பக்கம் தொப்புளுக்கும் வலது இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைப்பது. உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் இடையில்தான்.

முன்பக்கத்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. கை சட்டென்று போய்ச் சேரும். கூட்டத்தில் பின்னாலிருந்து யாரும் உருவ முடியாது. குனிந்தால் சட்டைக்கு மேல் புடைத்துத் தெரியாது. காரில் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கும்போதும் எட்டும். பயிற்சியாளர்கள் பலர் இதைத்தான் அணிகிறார்கள். ஆனால் உட்காரும்போது குழல் நேராகத் தொடையையும் அடிவயிற்றையும் பார்க்கும். தொடையின் பெரிய ரத்தக் குழாய் அங்கேதான் ஓடுகிறது. இந்த இடத்தில் ஒரு தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பக்கவாட்டில் வைத்தால் எடுக்க ஒரு நொடியின் சிறு பகுதி கூடுதலாகும். முன்னால் குனிந்தால் சட்டைக்கு அடியில் பிடி துருத்தும், ஆகவே முழங்காலை மடக்கிக் குனியப் பழக வேண்டும். காரில் இருக்கை முதுகு இடைஞ்சல் செய்யும். ஆனால் உறைக்குள் வைக்கும்போது துப்பாக்கியின் வாய் பெரும்பாலும் உடம்புக்கு வெளியே தரையைப் பார்க்கும். தவறு நடந்தாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம். தொப்பை உள்ளவர்களுக்கும் இதுதான் வசதி.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை: முழுக்கக் காலி செய்த துப்பாக்கியை உறையோடு அணிந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். முன்பக்கம் வைத்தால் குழல் முனை தொடை மடிப்பில் குத்தும், ஐந்து நிமிடத்தில் கை தானாக அதை நகர்த்தப் போகும். பக்கவாட்டில் வைத்தால் பிடி விலா எலும்புக்குக் கீழே லேசாக அழுத்தும், அவ்வளவுதான். கோயில் பிரகாரத்திலும் நண்பர்கள் வீட்டிலும் தரையில் உட்காருபவர்களுக்கு இந்தச் சோதனை நிறையச் சொல்லும். புதியவர்களுக்குப் பக்கவாட்டு இடுப்புதான் சரி என்பது என் முடிவு. ஒரு வருடம் பழகியபின் முன்பக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

சல்வார், புடவை அணிபவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டைகள் உண்டு. வெறும் துணிப் பையாக இருந்தால் வேண்டாம். விசையை (டிரிக்கரை) மூடும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுவும் சரிவராத உடையா? அன்று எடுத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

உறையைப் பற்றி

துப்பாக்கிக்கு 500 டாலர் கொடுத்துவிட்டு உறைக்கு 15 டாலர் கொடுப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. தானாக வெடித்துவிடுமோ என்ற பயத்துக்கு விடை உறையில்தான் இருக்கிறது. கிளாக் போன்ற பிஸ்டல்களில் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியை, விசையை இழுக்கும்வரை உள்ளேயே ஒரு தடுப்பு மறித்திருக்கும். நல்ல நிலையில் இருக்கும் துப்பாக்கி வெடிக்க வேண்டுமானால் ஏதாவது ஒன்று விசையை அழுத்த வேண்டும். வடிவமைப்பில் குறை வந்ததும் உண்டு. 2017இல் சிக் சாவர் நிறுவனம் தன் பி320 பிஸ்டலுக்கு, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற பிரச்சினைக்காக இலவச மாற்றம் அறிவித்தது. பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் இதையெல்லாம் விசாரிக்க வேண்டும். மற்றபடி நாம் கவனிக்க வேண்டியது விசையைத்தான்.

கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே அச்செடுத்த உறை வாங்குங்கள். விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக் கூண்டை முழுதாக மூட வேண்டும், வெளியிலிருந்து விரலால் எவ்வளவு அழுத்தினாலும் விசையைத் தொட முடியக் கூடாது. துப்பாக்கியை எடுத்தபின்னும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். பழைய தோல் உறைகள் நாளடைவில் நைந்து, விளிம்பு மடங்கி, துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடும். தடித்த பெல்ட்டும் அவசியம். மெல்லிய பெல்ட்டில் எல்லாம் தொங்கும், தொங்கினால் கை அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

எந்த வகை?

கிளாக் 19 போன்றவற்றில் கட்டைவிரல் சேஃப்டி, அதாவது துப்பாக்கி வெடிக்காமல் பூட்டி வைக்கக் கட்டைவிரலால் தட்டும் பொத்தான், கிடையாது. விசையை இழுக்க ஏறத்தாழ இரண்டரை கிலோ அழுத்தம் போதும். எளிமைதான் இதன் பலம், கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு. ஆனால் விரலும் உறையும் ஒழுங்காக இருந்தாக வேண்டும், தவறுக்கு மன்னிப்பு குறைவு.

ரிவால்வரில் விசை நீளமானது, ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். தற்செயலாக அழுத்துப்படுவது கடினம். அதே காரணத்தால் குறி வைத்துச் சுடுவதும் கடினம். மறைத்து அணியும் சின்ன ரிவால்வரில் பெரும்பாலும் ஐந்து தோட்டாதான்.

நடுவழி, கட்டைவிரல் சேஃப்டி உள்ள பிஸ்டல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு, சிக் பி365 இரண்டும் சேஃப்டியோடும் கிடைக்கின்றன, இல்லாமலும் கிடைக்கின்றன. "அவசரத்தில் சேஃப்டியை எடுக்க மறந்துவிடுவோம்" என்பது வழக்கமான மறுப்பு. பயிற்சி இல்லாதவர்களுக்கு அது உண்மைதான். ஆனால் சேஃப்டியின் பெரிய பயன் எடுக்கும்போது அல்ல, திரும்ப உறையில் வைக்கும்போது. சட்டை விளிம்போ மழைக்கோட்டின் கயிற்று முனையில் தொங்கும் பிளாஸ்டிக் குமிழோ விசைக் கூண்டுக்குள் மாட்டினாலும் துப்பாக்கி வெடிக்காது. தானாக வெடிக்குமோ என்ற பயத்தாலேயே லாக்கரில் வைத்திருப்பவர்களுக்கு நான் சேஃப்டி உள்ள மாடலைத்தான் சொல்வேன். எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் அதைத் தட்டிவிட வேண்டும், பயிற்சியிலும் ஒரு தடவைகூட விடக் கூடாது.

சேம்பரில் தோட்டா இருக்கலாமா?

புதியவர்கள் பலர் எடுக்கும் சமரசம் இது: பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினில் தோட்டா இருக்கும், சேம்பர் காலி. தேவைப்பட்டால் துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்துத் தோட்டாவைச் சேம்பருக்குள் ஏற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். பாதுகாப்பாகத்தான் தோன்றும். ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையில் குழந்தையைப் பிடித்திருக்கலாம், கதவைத் தள்ளிக்கொண்டிருக்கலாம், தாக்க வருபவனைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். 1983இல் சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டெனிஸ் டுயெலர் கணக்கிட்டுக் காட்டினார்: 21 அடி தூரத்தில் நிற்பவன் ஓடிவந்து தொட ஏறக்குறைய ஒன்றரை நொடி போதும். மறைத்து வைத்த துப்பாக்கியை எடுக்கவே நன்றாகப் பழகியவருக்கும் அந்த அளவு நேரம் ஆகும். அதில் ஸ்லைடு வேலையும் சேர்ந்தால் நேரம் போதாது.

இருந்தாலும், முதல் நாளே தோட்டாவோடு அணிந்து வெளியே போங்கள் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம்பிக்கை வருவதற்கு ஆதாரம் வேண்டும். அதை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். இப்போது காலித் துப்பாக்கியின் ஸ்லைடை ஒருமுறை இழுத்து விடுங்கள், உள்ளே ஊசி சுடத் தயாராக நிற்கும். உறையில் வைத்து அணிந்துகொண்டு வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்: பாத்திரம் தேய்ப்பது, மளிகைப் பையைத் தூக்குவது, சோபாவில் சாய்வது, தோட்டத்தில் களை பிடுங்குவது. இரவு உறையோடு கழற்றி, பிறகு துப்பாக்கியை உருவிப் பாருங்கள். கிளாக்காக இருந்தால் விசையின் நிலையே சொல்லிவிடும். விசை முன்னால் தள்ளி, அதன் நடுவில் இருக்கும் சின்ன நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நாள் முழுக்க எதுவும் அதை அழுத்தவில்லை. பின்னால் ஒட்டிக் கிடந்தால் ஏதோ அழுத்திவிட்டது, அந்த உறை குப்பைக்குப் போக வேண்டும். ஷீல்டு, பி365 போன்ற வேறு மாடல்களில் விசையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அப்போது மறுபடி காலி என்று உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி விசையை இழுத்துப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் ஊசி அதுவரை அப்படியே நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிச் சில வாரங்கள். ஒவ்வொரு இரவும் விசை முன்னாலேயே நிற்பதைப் பார்த்துப் பார்த்து, பயம் இருந்த இடத்தில் நம்பிக்கை வரும். யாரும் தைரியம் சொல்லி வராத நம்பிக்கை அது. அதன்பின் தோட்டாவோடு வீட்டில், அப்புறம் வெளியே. அத்தனை வாரம் கழித்தும் மனம் ஒப்பவில்லை என்றால் அணியாதீர்கள். காலிச் சேம்பரோடு காலம் தள்ளுவதைவிட அது நேர்மையான முடிவு.

தினமும் கவனிக்க வேண்டியவை

எடுப்பதில் வேகம் இருக்கலாம், திரும்ப வைப்பதில் அவசரமே கூடாது. சட்டையை இடது கையால் நெஞ்சுவரை தூக்கிப் பிடித்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்து, மெதுவாக இறக்குங்கள். ஏதாவது தட்டினால் தள்ளாமல் நிறுத்துங்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல வழியும் உண்டு: உறையைத் தனியாக மேஜைமேல் வைத்து, பாதுகாப்பான திசையில் துப்பாக்கியை அதில் செருகி, உறையோடு சேர்த்துப் பெல்ட்டில் மாட்டுவது. இரவில் கழற்றும்போதும் உறையோடே கழற்றி அப்படியே லாக்கரில் வைக்கலாம். தினமும் தோட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் ஒரே தோட்டா திரும்பத் திரும்ப இடிபட்டு, அதன் முனையிலுள்ள குண்டு உள்ளே அமுங்கிவிடலாம். சுடும்போது அழுத்தம் எல்லை மீறலாம்.

கழிப்பறையில்தான் நிறையப் பேர் துப்பாக்கியை மறந்துவிட்டு வருகிறார்கள். ஆணியில் மாட்டாதீர்கள், டிஷ்யூ டப்பாமேல் வைக்காதீர்கள். உறையை விட்டு எடுக்காமல், இறக்கிய பேண்ட்டிலேயே இருக்கட்டும். கார் டேஷ்போர்டு அறையும் பத்திரமான இடம் இல்லை. கண்ணாடியை உடைத்துத் திருடுபவர்கள் முதலில் தேடுவதே அங்கேதான்.

வீட்டில் 17 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டு வைத்து, அது அவர்கள் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் குற்றம். சட்டம் இருக்கட்டும், அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருக்கிறார் என்று தெரிந்தால், மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் வேண்டாம். துப்பாக்கி அந்த வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள உறவினர் ஒருவரிடம் அவர் குணமாகும்வரை கொடுத்து வைக்கலாம். சில துப்பாக்கிக் கடைகளும் ரேஞ்சுகளும் இதற்கென்றே பாதுகாத்து வைத்துத் தருகின்றன, போன் செய்து கேட்டால் சொல்வார்கள்.